மாற்றுச் சட்டை

அஞ்சுகம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் அந்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகை ஏற்றினார்கள். வீடு பழையது. திருநள்ளாற்றிலிருந்து சுரக்குடிக்குப் போகிற வழியில், வயலுக்கு நடுவே ஒற்றையாய், பிரெஞ்சுக்காரன் காலத்து நெடிய சன்னல்களோடு, குடிவர ஆளில்லாமல் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பலகை மட்டும் புத்தம் புதுசு. ‘நளா டெக்ஸ்டைல் ரெக்கவரி, கார்ப்பரேட் ஆபீஸ்’ என்று இருந்ததை ஏணியில் நின்றவன் ஒருமுறை தலைகீழாக மாட்டி, திட்டு வாங்கி, நேராக்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கார்ப்பரேட் ஆபீஸ் முழுக்க ஈரத்துணி, ஆள் உயரத்துக்கு.

எங்கிருந்து வந்த துணி என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை தோறும் ஊர் ஊராய் வருகிறவர்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கோயில் குளத்தில் முழுகுகிறார்கள். முழுகி எழுந்ததும் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த மாற்றுத் துணியைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இளவட்டங்கள் சட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. விட்ட துணியோடு சனி தொலையும். துணி எங்கே தொலைகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது சிவசுப்பிரமணியனிடம் வருகிறது. கரையில் கிடப்பதை அள்ளிக்கொள்ள ஏலம் எடுத்தவர் அவர். தரம் பிரித்து, அலசி, கிழித்து, பட்டறைகளுக்கு கிரீஸ் துடைக்க அனுப்புவார்.

“இது குப்பை இல்லம்மா, ஸ்டாக்,” என்றார் அன்றைக்கு. “நீங்களும் கூலியாளு இல்ல. சார்ட்டிங் அசோசியேட். வெளங்குதுங்களா?”

“வெளங்குதுங்க மொதலாளி.”

“மொதலாளி இல்ல. எம்.டி.”

“சரிங்க எம்டி மொதலாளி.”

“ஒரு கைக்குட்டை கூட வெளிய போவக் கூடாது. மூட நம்பிக்கைக்காகச் சொல்லல. கம்பெனி பாலிசி.”

சொல்லும்போதே அவர் நிலைப்படிக்கு வெளியேதான் நின்றார். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்தது. கம்பெனி பாலிசி எவ்வளவு தூரம் மூட நம்பிக்கையைத் தள்ளி வைத்திருந்தது என்பதற்கு அந்தப் பழமே சாட்சி.

உள்ளே வெயில் வராது. நெடிய சன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். நல்லெண்ணெயும் ஈரமும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாடை, நாக்கில் ஒட்டும். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டித் துணி தொங்கியது. எங்கேயாவது ஒரு மூலையில் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். அஞ்சுகம் முதல் இரண்டு நாள் எந்தத் துணி சொட்டுகிறது என்று தேடிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

முன்பெல்லாம் வேட்டி, சேலை, பழைய பாவாடை என்று வருமாம். இப்போது வருவதில் பாதி இளவட்டங்களின் துணி. கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டுகள். ‘ஒரே குடும்பம்’ என்று முதுகில் அச்சடித்த டி-ஷர்ட்டைக் குடும்பத்திலிருந்து வெளியே அனுப்பியதும் இங்கே கொண்டுவந்து கழற்றுகிறார்கள் போலிருக்கிறது. கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் நாடாக்கள் கொத்துக் கொத்தாய் வரும். கல்யாண மேடைக்குத் தைத்தது போல ஒரு கோட்டு கூட வந்தது. சனி பகவானுக்கு எவ்வளவு வேலை பாருங்கள். வேலை இல்லாதவர்களெல்லாம் அவரிடம்தான் வருகிறார்கள்.

லோடு ஆட்டோ ஓட்டிவந்து துணியைக் கொட்டுகிற ஜெயபிரகாஷ் எம்.பி.ஏ. படித்தவன். எம்.டி. அவனை ‘லாஜிஸ்டிக்ஸ் ஹெட்’ என்பார். அவனுக்குக் கீழே யாரும் கிடையாது.

அஞ்சுகம் அந்த நாடாக்களைத் தனியாக எடுத்து விரலால் நீவிப் பார்ப்பாள். அவள் மகன் மதியழகனிடம் அப்படி ஒரு நாடா கூடக் கிடையாது.

அவன் பி.டெக். முடித்தபோது கல்லூரிக்காரர்கள் அவன் படத்தையும் சேர்த்து நெடுஞ்சாலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நூறு சதவீத வேலைவாய்ப்பு. மகன் சிரிக்கிற அந்தப் படத்தைப் பார்ப்பதற்காகவே அஞ்சுகம் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வேலை கொடுத்த கம்பெனி, சேர வேண்டிய தேதியைப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தது. மழையில் ஃப்ளெக்ஸ் கிழிந்தது. யாரோ அதை எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகைக்குப் போர்த்தினார்கள். கொட்டகையும் இடிந்து புதிதாய்க் கட்டியாயிற்று. தேதி மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு மெயில் வந்தது: வருந்துகிறோம், தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அப்புறம் அவன் போகாத இன்டர்வியூ இல்லை. கல்யாண வீடுகளில் “தம்பி என்னா பண்றாப்ல?” என்று இலை போடும் முன்பே கேட்டார்கள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினான். வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்பதை நிறுத்தினான். “போதும்மா, பசிக்கல,” என்பான். தட்டை வழித்து வைத்திருப்பதைப் பார்த்தால் பசிக்காதவன் தட்டு மாதிரியா இருக்கும்? தகப்பன் தியாகராசன் குத்தகை நிலமே கதியென்று கிடக்கிற ஆள். மகனைப் பார்த்தால் அவருக்கு வருவது ஒரே கேள்வி, அதைக் கேட்கக் கூடாது என்று பேசாமலே இருந்துவிடுவார்.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை இன்டர்வியூ. ஓர் இடம்தான் காலி என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்களாம்.

“இருக்குற சட்டையே போதும்மா,” என்றான் மதியழகன். இருக்கிற சட்டையின் காலர் நைந்து, பிரித்துத் திருப்பித் தைத்தது. அதுவும் மறுபடி நைந்திருந்தது.

சனிக்கிழமை நண்பகல் ஜெயபிரகாஷ் கொட்டிவிட்டுப் போன குவியலில் அவள் கைக்கு அந்தச் சட்டை வந்தது.

வெளிர் நீலம். முழுக்கை. மற்றதெல்லாம் பிழிந்த கயிறாய்க் கிடக்க, இது மட்டும் உலர்ந்திருந்தது. பொத்தான் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, பெட்டிக்குள் வைப்பது போல மடித்திருந்தது. தூக்கி எறிகிறவன் இப்படி மடிக்க மாட்டான் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தோள்பட்டையை முழம் போட்டாள்.

மதிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஒயர்கூடையில் தூக்குவாளிக்கு அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். பிறகு குவியலுக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அம்மா.”

வாசல் பக்கமிருந்து இல்லை. பின்கட்டுக் கதவுப் பக்கம்.

ஒரு பையன் நின்றான். மதி வயசுதான். ஈரப் பனியன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கால்சட்டையிலிருந்து நீர் வடிந்து காலடியில் தேங்கியது. தலையில் எண்ணெய் மினுமினுத்தது. குளிரில் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னாப்பா? யாரு நீயி?”

“குளத்துலேருந்து வர்றேன்மா. மாத்துச் சட்டைய மேல கட்டைச் சுவர்ல வச்சிருந்தேன். பையில வச்சா கசங்கிடும்னு வெளிய வச்சேன். விட்டுட்டுப் போன துணின்னு நெனச்சு அள்ளிட்டாங்க போலருக்கு. நீலச் சட்டைம்மா. இஞ்ச வந்துச்சுங்களா?”

அஞ்சுகத்தின் முழங்கால் ஒயர்கூடையை லேசாக நகர்த்திப் பின்னால் தள்ளியது. அவள் தள்ளச் சொல்லவில்லை. அதுவாகத் தள்ளியது.

“இல்லியே தம்பி. அப்புடி ஒண்ணும் வரல.”

“நல்லாப் பாருங்கம்மா. திங்கக்கெழம இன்டர்வியூ. அதுக்குன்னு எங்கம்மா எடுத்துக் குடுத்தது.”

“வரலங்கிறேன்ல.”

அவன் கோபப்படவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினான்.

“சரிம்மா. அடுத்த லோடுல வந்தாலும் வரும். நிக்கிறேன்.”

அவள் குனிந்து துணியைப் பிரித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. சொட்டுகிற சத்தம் மட்டும் காதுக்குள் விழுந்துகொண்டே இருந்தது. பொறுக்க மாட்டாமல் நிமிர்ந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தரையில் தண்ணீர்.

வெயில் தாழ்ந்தபோது ஜெயபிரகாஷ் அடுத்த லோடோடு வந்தான். இறக்காமல் வண்டியிலேயே சாய்ந்து நின்றான்.

“என்னாடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“காலையில மெயின் ரோட்டுல ஆக்சிடென்ட்டுக்கா. சின்னப் பையன். குளத்துல முழுகிட்டு வந்திருக்கான், மாத்துச் சட்டைய காணுமாம். பனியனோட ரோட்டுல நின்னு கடை கடையா கேட்டுட்டு இருந்தான். நானே பாத்தேன். எதுத்தாப்புல ஒரு லோடு ஆட்டோ துணியோட போறதப் பாத்துட்டு நிறுத்துங்க நிறுத்துங்கன்னு குறுக்க ஓடுனான். பஸ் அடிச்சிருச்சு.” அவன் வண்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். “அது நம்ம வண்டி மாதிரி வேற வண்டிக்கா.”

அந்தச் சாலையில் துணி ஏற்றிப் போகிற வண்டி ஒன்றே ஒன்றுதான்.

“பேரு ரஞ்சித்குமாராம். கும்பகோணம் பக்கம். ஒரே புள்ளயாம்.” பின்கட்டை எட்டிப் பார்த்தான். “என்னாக்கா, மழையே காணும், ஓடு ஒழுவுதா?”

அன்றைக்கு ஒயர்கூடையைச் சுமந்துகொண்டு வரப்போரமாய் நடந்தபோது, அதை வாய்க்காலில் வீசிவிடலாம் என்று அஞ்சுகம் இரண்டு இடத்தில் நின்றாள். இரண்டு இடத்திலும் மனசு வக்கீல் வைத்து வாதாடியது. செத்தவனுக்கு இனி எதற்குச் சட்டை? எடுத்தது நீயா, கொட்டியவன் ஜெயபிரகாஷ். காலர் நைந்த சட்டையோடு போனால் உன் பிள்ளையை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்புவான். மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் தீர்ந்தது. வக்கீல் ஜெயித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியழகன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். வெகு காலமாகக் கூனியிருந்த தோள் நிமிர்ந்தது.

“ஏதும்மா இது?”

“காரைக்கால்ல எடுத்தேன். போட்டுக்க.”

“ஆபீசரு மாதிரி இருக்கான்ல?” என்றார் தியாகராசன். அந்த வருஷத்தில் மகனைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

அஞ்சுகம் மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சட்டை ஜில்லென்று இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது.

போனில் அவன் கத்திய கத்தலில் அவளுக்குக் காது அடைத்தது. வேலைக்குப் பெயர் அசோசியேட் டிரெய்னி. கான்ட்ராக்ட். புரொபேஷனும் உண்டு. ஒரே நாற்காலிக்கு மூன்று பெயர். ஒரு பெயரிலாவது நிலைத்து உட்காரலாம் என்று எந்தப் பெயரும் சொல்லவில்லை. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அஞ்சுகம் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். தியாகராசன் டீக்கடையில் யாரும் கேட்காமலே, “பையன் மெட்ராஸ்ல கம்பெனில இருக்கான்,” என்றார். கம்பெனியின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. நுழையாத பெயர் என்பதால் மதிப்பு இன்னும் கூடியது.

பின்கட்டில் அந்தப் பையன் தினமும் வந்தான்.

சாப்பாட்டு நேரம் கழிந்து, சன்னல் பலகை இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாய் விழும்போது சொட்டுகிற சத்தம் மாறும். நிமிர்ந்தால் நிற்பான்.

“வந்துச்சாம்மா?”

“இல்லப்பா.”

“சரிம்மா.”

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, அழுகை இல்லை. இன்டர்வியூ வரிசையில் கடைசியாக நிற்பவனின் பொறுமை. மதியும் இப்படித்தான் எங்கெங்கோ நின்றிருப்பான் என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பயம் போய் வேறொன்று வந்தது. பயமே இருந்திருக்கலாம்.

குவியலில் நல்லதாக எது வந்தாலும் அவனுக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்டது, ஒருநாள் அந்தக் கோட்டு. தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவன் குனிந்து பார்ப்பான்.

“நல்லாருக்கும்மா. ஆனா இது யாரோ விட்டுட்டுப் போனது. இதப் போட்டுக்கிட்டுப் போனா வேலை கெடைக்காதும்மா.”

அதற்கு மேல் அவளால் அன்றைக்கு வேலை செய்ய முடியவில்லை.

ஒருநாள் அவனாகக் கேட்டான். “ஒங்களுக்குப் பையன் இருக்கானாம்மா?”

“இருக்கான்.”

“என்னா பண்றான்?”

உலகமே அவளிடம் கேட்டுக் கேட்டு நோகடித்த கேள்வி. முதல் முறையாகப் பதில் இருந்தது. பெருமை, பாழாய்ப்போன பெருமை, வாயை முந்திக்கொண்டது.

“மெட்ராஸ்ல வேலையில இருக்கான். பெரிய கண்ணாடி பில்டிங்காம். வாசல்ல கண்ணாடியிலயே ஒரு யானை நிக்குமாம்.”

சொட்டுகிற சத்தம் நின்றது.

“அங்கதாம்மா எனக்கும்,” என்றான் பையன். “திங்கக்கெழம. ஒரு எடந்தான் இருக்குன்னாங்க.”

வெயில் கோடு நகர்ந்து போயிற்று. அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் வருத்தம் இல்லை. யோசிக்கிற முகம். தேர்வுத் தாளில் ஒரு கணக்கைத் திரும்பிச் சரிபார்ப்பவன் முகம்.

“பரவால்லம்மா,” என்றான் கடைசியில். “நல்லா இருக்கானா?”

அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் எம்.டி. யாரோ ஒரு வங்கிக்காரருக்குப் பலகையைக் காட்டி, “நாங்க ஒரு வேலைவாய்ப்பு உருவாக்கும் நிறுவனம்,” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மதியின் வேலை தை பிறந்ததும் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, மெயிலைத் திறக்கும் முன்பே கதவுக்கான அட்டை வேலை செய்யவில்லையாம். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மேலதிகாரி எல்லோரையும் நிற்க வைத்து, இது முடிவல்ல, தொடக்கம் என்று பேசினாராம். அவருடைய அட்டை வேலை செய்தது.

மதியழகன் ஒரு பையோடு வந்து இறங்கினான். பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அஞ்சுகம் தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டாள். கையை நீட்டித் தடுத்தான்.

“ஒரு முழுக்குப் போட்டுட்டு வாப்பா,” என்றார் தியாகராசன். “தோஷம் ஏதாச்சும் இருந்தாலும் போயிரும்.”

எதிர்த்துப் பேசுகிற தெம்பு கூட அவனிடம் இல்லை. சனிக்கிழமை காலை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். “இன்டர்வியூவுக்குப் போட்டதுதானம்மா. இதையே விட்டுட்டு வந்துர்றேன்.”

அஞ்சுகம் மகன் கூடவே குளத்துக்குப் போனாள். அவன் மாற்றுச் சட்டையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவன் தலையை விட்டு எடுக்காமல் படியில் உட்கார்ந்திருந்தாள். முழுகினான். எழுந்தான். நீலச் சட்டையைக் கழற்றிப் போட்டான். அவள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவனைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் நேரே கிடங்குக்குப் போனாள்.

நண்பகல் லோடில் சட்டை வந்தது. சொட்டச் சொட்ட. அவள் அதைப் பிழிந்தாள், உதறினாள், பொத்தான் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, முதலில் பார்த்தது போலவே மடித்தாள். பின்கட்டுக்குக் கொண்டுபோய் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி. இந்தாப்பா. என்னய மன்னிச்சிரு சாமி. எங்கிட்டதான் இருந்துச்சு.”

“தெரியும்மா.”

குரல் பக்கத்திலேயே கேட்டது.

“ஒங்க பையன் போட்டுக்கட்டும்னுதானே எடுத்தீங்க. எங்கம்மாவா இருந்தாலும் எடுத்துருப்பாங்க.”

சட்டை அவள் கையிலிருந்து எடையில்லாமல் போயிற்று. அவன் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு பொத்தானாக, கீழிருந்து மேலாக. ஈரத் தலையைக் கையால் வாரிக்கொண்டான். அழகாக இருந்தான். பெற்றவளுக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

“நேரமாச்சும்மா, வர்றேன்.” போனவன் கதவருகில் நின்றான். “உள்ள போய்ச் சேந்துட்டா ரெஃபர் பண்ணலாம்மா. ஒங்க பையனுக்கும் சொல்லி வைக்கிறேன்.”

வேலை கிடைத்த எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற வார்த்தை. நிறைவேற்றுகிற பிள்ளைகளை அவள் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பின்கட்டு உலர்ந்து போயிற்று. தாழ்ப்பாளில் துரு உதிர்ந்தது. அஞ்சுகம் கிடங்கு வேலையை விட்டு அறுப்புக்குப் போனாள். எம்.டி. அவளுடைய ராஜினாமாவை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். அவள் அப்படி எதையும் கொடுக்கவில்லை.

மதி படுத்தே கிடந்தான். கூப்பிட்டால் எழுந்து உட்காருவான், போனைப் பார்ப்பான், கவிழ்த்து வைப்பான். தாடி வளர்ந்தது. ஒருநாள், “ஒனக்கு நான் பாரமா இருக்கேன்லம்மா,” என்றான் சுவரைப் பார்த்து. அவள் அடுப்படியில் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு அவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வயலுக்குக் கூடப் போகவில்லை.

பங்குனி வெயில். மத்தியானம். தியாகராசன் களத்துக்குப் போயிருந்தார். உள்ளறையில் மதி. அஞ்சுகம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. மகன் வேலையில் இருந்தபோது பேசிய எண். ‘மதி ஆபீஸ்’ என்று அவனே பதிந்து கொடுத்தது.

முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு.

தொட்டாள்.

நீலச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான் அந்தப் பையன். நெஞ்சில் நாடாவோடு அட்டை தொங்கியது.

“அம்மா, சாப்பிட்டீங்களா?”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சேந்துட்டேம்மா. யாரும் ஒண்ணும் கேக்கல. சீட்டு காலியாதான் இருந்துச்சு, ஒக்காந்துட்டேன்.” அவன் போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினான். நீண்ட அறை. வரிசை வரிசையாய் மேசைகள். எல்லா மேசையிலும் ஆள். பையன்களும் பெண்களுமாய்க் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எல்லோர் தலையும் ஈரமாக இருந்தது.

ஒருவரும் நிமிரவில்லை.

“நல்ல எடம்மா. இஞ்சேருந்து யாரையும் அனுப்ப மாட்டாங்க.” அவன் சிரித்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி. காலி. அதை அவன் கைக்குட்டையால் துடைத்தான், தன் வீட்டுக்கு விருந்தாளி வருவது போல. “சொன்னேன்ல, மறக்கல. இப்பதான் ஒரு எடம் வந்துச்சு.”

“வேணாம்ப்பா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “வேணாம் சாமி. அவன் இஞ்சயே இருக்கட்டும். எனக்குப் பாரமில்ல. சத்தியமா பாரமில்ல.”

திரையில் அவன் மேசைத் தொலைபேசியை எடுத்தான்.

உள்ளறையில் மதியின் போன் அடித்தது.

முறம் கவிழ்ந்து உளுந்து சிதறியது. அவள் ஓடி நிலைப்படியை அடைவதற்குள் அவன் எடுத்துவிட்டிருந்தான். எழுந்து நின்றிருந்தான். மாதக்கணக்கில் கூனிக் கிடந்த பிள்ளை, தோள் நிமிர்ந்து, ஒரு கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு.

“எஸ் சார். மதியழகன்தான் சார். எஸ் சார்.”

அவளைப் பார்த்துச் சிரித்தான். தாடிக்குள் அந்தச் சிரிப்பு, நெடுஞ்சாலைப் படத்தில் சிரித்த சிரிப்பு அல்ல. குழந்தையில் பால் குடித்து நிமிர்ந்து சிரிப்பானே, அது.

அஞ்சுகம் தன் போனில் சிவப்பை அழுத்தினாள். திரை இருண்டது.

மதி பேசிக்கொண்டே இருந்தான்.

“ஒடனே ஜாயின் பண்றேன் சார். அட்ரஸ் சொல்லுங்க சார்.” அம்மாவைப் பார்த்து, எழுத ஏதாவது கொடு என்று விரலால் காட்டினான். அலமாரியில் பேனா இருந்தது. அவள் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

“பரவால்ல, சொல்லுங்க சார்,” என்றான். திரும்பி, பாய்க்கு மேலே சுண்ணாம்பு அடித்த சுவரில் வெறும் விரலால் எழுத ஆரம்பித்தான்.

அவன் விரல் போன வழியெல்லாம் சுவர் நனைந்துகொண்டே போயிற்று.